விஷ்வேஷ்வரா: கருந்துளை ஆய்வாளர் ஒருவரின் வாழ்க்கையை எப்படி மதிப்பிடுவது?

அணையாவிளக்கு எழுதியது:

கருந்துளை என்றதும் நம் மாணவர்கள் ஹாக்கிங் பெயரைச் சொல்கிறார்கள். கொஞ்சம் வாசிக்கிறவர்கள் சந்திரசேகர் பெயரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே, பெங்களூரில் பிறந்து அங்கேயே திரும்பி வந்து உழைத்த சி.வி. விஷ்வேஷ்வராவின் (1938–2017) பெயர் யார் வாயிலும் வருவதில்லை. இயற்பியல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் இது என்னை நெடுநாளாக உறுத்துகிறது. அதனால் இந்த இழை.

1960களில் அவர் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் மிஸ்னரிடம் ஆய்வுக்குச் சேர்ந்தபோது கருந்துளைக்கு அந்தப் பெயரே நிலைபெற்றிருக்கவில்லை. 1967ஆம் ஆண்டின் இறுதியில்தான் ஜான் வீலர் அதைப் பரப்பினார். ஐன்ஸ்டீனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்கு 1916இல் ஷ்வார்ட்ஸ்சில்டு வெளியிட்ட ஒரு தீர்வு காகிதத்தில் இருந்தது. அப்படி ஒரு பொருள் வானத்தில் இருக்க முடியுமா என்று பெரிய இயற்பியலாளர்களுக்கே ஐயம்.

விஷ்வேஷ்வரா எடுத்துக்கொண்ட கேள்வி கேட்பதற்கு எளிமையானது. அந்தப் பொருளை லேசாகச் சீண்டினால் என்ன ஆகும்? சற்றே குலுங்கிப் பழைய நிலைக்கு வருமா, குலுக்கம் பெருகிப் பெருகிச் சிதைந்துவிடுமா? சிதையும் என்றால் கருந்துளை வெறும் கணக்கோடு முடிந்தது, ஏனென்றால் இயற்கையில் எதுவும் சீண்டப்படாமல் இருப்பதில்லை. 1957இல் ரெட்ஜேயும் வீலரும் இந்தக் கணக்கைத் தொடங்கிவைத்திருந்தார்கள். சிக்கல் இருந்த இடம் கருந்துளையின் விளிம்பு. இடத்தையும் காலத்தையும் குறிக்க ஷ்வார்ட்ஸ்சில்டு கையாண்ட எண்கள், அதாவது ஆயத்தொலைவுகள், அங்கே கைவிட்டுவிடுகின்றன. ஓர் அளவு அந்த இடத்தில் முடிவிலிக்குப் போனால், உண்மையிலேயே பொருள் சிதைகிறதா, நாம் அளக்கும் முறைதான் பழுதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. 1960இல் வந்த குருஸ்கல் ஆயத்தொலைவுகளைக் கையாண்டு அவர் அந்த முடிச்சை அவிழ்த்தார். கருந்துளை நிலையானது என்பதே விடை. 1968இல் முனைவர் பட்டம். 1970இல் 'ஃபிசிக்கல் ரிவ்யூ' இதழில் கட்டுரை.

அதே 1970இல் 'நேச்சர்' இதழில் இன்னொரு சிறு கட்டுரை. சீண்டப்பட்ட கருந்துளை தனக்கே உரிய அதிர்வெண்ணில் ஈர்ப்பு அலைகளை, அதாவது வெளியிலேயே பரவும் நடுக்கத்தை, வெளியிட்டு விரைவில் அடங்கும் என்று அதில் காட்டினார். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவில் இருக்கும் லைகோ என்ற ஈர்ப்பு அலைக் கருவிகள் பதிவுசெய்த முதல் ஈர்ப்பு அலையின் கடைசிச் சில மில்லி விநாடிகளில் இருந்தது அந்த அதிர்வுதான். நடுவில் 45 ஆண்டுகள். 2016 பிப்ரவரியில் செய்தி வெளியானபோது அவருக்கு 77 வயது. அடுத்த ஜனவரியில் காலமானார்.

1976இல் நாடு திரும்பி ராமன் ஆராய்ச்சி நிறுவனத்திலும், பிறகு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்திலும் பணிபுரிந்தார். 1989இல் திறக்கப்பட்ட பெங்களூர் ஜவாஹர்லால் நேரு கோளரங்கத்தின் நிறுவன இயக்குநரும் அவரே. இந்த வாழ்க்கையின் இரண்டு பாதிகளுக்கும் ஒரே எடை என்பது என் துணிபு. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

மறுப்பு இருக்கிறது, ஐயா.

முதல் பாதியைப் பற்றி எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. முப்பது வயதில் ஒருவர் கருந்துளை நிலையானது என்று காட்டுகிறார், அது எழுப்பும் அதிர்வையும் கண்டுபிடிக்கிறார். அப்படிப்பட்டவரைக் கோப்பு பார்க்கவும் மாநகராட்சியோடு மல்லுக்கட்டவும் அனுப்பியது நாட்டுக்கு இழப்பு. கோளரங்கத்தை நடத்த ஆற்றல் உள்ள நிர்வாகிகள் நூறு பேர் கிடைப்பார்கள். அந்தக் கணக்கைப் போட இன்னொருவர் கிடைப்பாரா?

சந்திரசேகரைப் பாருங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், 1930இல் கப்பலேறியவர், சிகாகோவிலேயே தங்கிவிட்டார். அறுபது வயதுக்குப் பிறகு கருந்துளைகளின் கணிதத்தில் இறங்கி, 1983இல் அந்தத் துறையின் மிகப் பெரிய நூலை வெளியிட்டார். அதே ஆண்டு நோபல். விஷ்வேஷ்வராவும் அங்கேயே இருந்திருந்தால் எவ்வளவு செய்திருப்பார் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர்மேல் உள்ள மதிப்பினால்தான் இதைச் சொல்கிறேன்.

---

ஆய்வகத்தெரு எழுதியது:

ஈர்ப்பு அலைத் தரவுகளை அலசுவதே என் அன்றாட வேலை. இரண்டு பேருக்கும் சேர்த்துச் சில செய்திகள்.

'நேச்சர்' கட்டுரையில் அவர் செய்தது என்ன என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும் கருந்துளை ஒளிராது, அருகே வேறு விண்மீனும் இல்லை. அதை எப்படி அறிவது? அதன்மேல் ஈர்ப்பு அலையை ஏவி, சிதறித் திரும்புவதில் கருந்துளையின் அடையாளம் ஏதாவது படிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். கணினியில் அதைத்தான் செய்தார். காஸியன் வடிவ, அதாவது நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும், அலைத் துணுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏவினார். துணுக்கு அகலமாக இருந்தபோது பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. அகலத்தைக் குறைக்கக் குறைக்கத் திரும்பிய அலையில் ஏற்ற இறக்கங்கள் தலைகாட்டத் தொடங்கின. துணுக்கின் அகலம் கருந்துளையின் அளவுக்கோ அதற்குக் கீழோ வந்ததும், எப்படி ஏவினாலும் அதே அதிர்வு, அதே வேகத்தில் தேய்வு. வெண்கல மணியை எதைக் கொண்டு தட்டினாலும் மணிக்குரிய ஒலிதானே எழும், அதுபோல.

அடுத்த ஆண்டே வில்லியம் பிரஸ் இதற்குக் குவாசிநார்மல் அதிர்வு என்று பெயர் சூட்டினார். வைகைக்கரை சந்திரசேகரை எடுத்துக்காட்டியதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: 1975இல் சந்திரசேகரும் ஸ்டீவன் டெட்வைலரும் சேர்ந்து இந்த அதிர்வெண்களைத்தான் கணக்கிட்டு வெளியிட்டார்கள். மேரிலாந்தில் பெங்களூர்க்காரர் கண்டதைச் சிகாகோவில் சென்னைக்காரர் எண்ணாக்கினார். இருவரையும் எதிரெதிரே நிறுத்த வேண்டிய தேவை இல்லை.

அந்த எண்கள் அழகானவை. சுழலாத கருந்துளை, நம் சூரியனைப்போல் 10 மடங்கு நிறை என்றால், அதிர்வெண் ஏறத்தாழ 1,200 ஹெர்ட்ஸ். அரை மில்லி விநாடியில் மங்கத் தொடங்கிவிடும். நிறை இரட்டித்தால் அதிர்வெண் பாதியாகும், தேயும் நேரம் இரட்டிக்கும். 2015இல் பதிவான அலை, இரண்டு கருந்துளைகள் இணைந்ததில் எழுந்தது; இணைந்து உருவான கருந்துளை 62 சூரிய நிறை. சுழலாமல் இருந்திருந்தால் 200 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே வந்திருக்கும். அது வேகமாகச் சுழன்றது. சுழற்சி அதிர்வெண்ணை உயர்த்தும். 130 கோடி ஒளியாண்டு தொலைவைக் கடந்து வரும் வழியில் பிரபஞ்சத்தின் விரிவு அதைக் கொஞ்சம் குறைக்கும். எல்லாம் கழித்துக் கூட்டினால் சுமார் 250 ஹெர்ட்ஸ். கருவி பதிவுசெய்ததும் அதுவே. ஹார்மோனியத்தில் எட்டிவிடக்கூடிய சுருதி. இதை முதன்முதலில் திரையில் வரைந்து பார்த்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

---

வைகைக்கரை எழுதியது:

அருமையான விளக்கம். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. 1970இல் அவ்வளவு தூரம் பார்த்தவர், துறை சூடுபிடித்திருந்த நேரத்தில் ஏன் விலகினார்?

---

ஆய்வகத்தெரு எழுதியது:

1976இல் துறை சூடாக இருக்கவில்லை, நண்பரே. நிலைமை நேர்மாறு.

அதே மேரிலாந்து பல்கலைக்கழகத்தில்தான் ஜோசஃப் வெபர் பெரிய அலுமினிய உருளைகளை வைத்து ஈர்ப்பு அலைக்காகக் காத்திருந்தார். 1969இல் அலை கிடைத்துவிட்டது என்று அறிவித்தார். உலகெங்கும் மற்றவர்கள் உருளை செய்து பார்த்தார்கள், யாருக்கும் கிடைக்கவில்லை. 1970களின் நடுவில் வெபர் சொன்னதை நம்புகிறவர்கள் அருகிவிட்டார்கள். ஹல்ஸும் டெய்லரும் 1974இல் இரட்டைத் துடிவிண்மீனை, அதாவது இன்னொரு விண்மீனோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே சீராகத் துடிக்கும் விண்மீனை, கண்டிருந்தார்கள். ஆனால் அதன் பாதை சுருங்கும் வேகத்திலிருந்து ஈர்ப்பு அலைக்கு மறைமுகச் சான்று திரட்டச் சில ஆண்டுகள் பிடித்தன. லைகோவுக்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் 1990இல்தான் வந்தது. ஆக, விஷ்வேஷ்வரா நாடு திரும்பிய ஆண்டில் அவருடைய அதிர்வைக் கேட்கக்கூடிய கருவியை உலகில் யாரும் கட்டத் தொடங்கியிருக்கவில்லை.

திரும்பியவர் சும்மாவும் இருக்கவில்லை. ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலில் வேலை செய்ய இந்தியாவில் ஒரு குழு உருவாக வேண்டும் என்று உழைத்தார். ராமன் நிறுவனத்தில் அவரோடு பணிபுரிந்த பாலா ஐயர், 1995இல் பிளான்ஷே, தமூர், வில், வைஸ்மன் ஆகியோரோடு சேர்ந்து, இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி நெருங்கும்போது எழும் அலையின் வடிவத்தை மிக நுட்பமாகக் கணக்கிட்டார். புனேயில் சஞ்சீவ் துரந்தரும் சத்யபிரகாஷும் 1991இலேயே இரைச்சலுக்குள் புதைந்த அலையை எப்படித் தேடுவது என்று எழுதியிருந்தார்கள். 2015இல் அலை வந்தபோது அதை அடையாளம் காணவும் அலசவும் துணைநின்ற முறைகளின் வேர் இந்த வேலைகளிலும் இருக்கிறது. கண்டுபிடிப்பை அறிவித்த கட்டுரையில் இந்திய நிறுவனங்கள் இடம்பெற்றது எப்படி என்று கேட்டால், இருபது முப்பது ஆண்டுகள் பணமும் புகழும் இல்லாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதே பதில். அந்தப் பட்டியலில் சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் நிறுவனமும் உண்டு. நம் ஊர்ப் பத்திரிகைகள் அதைப் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் வருத்தம்.

---

இரவுவானம் எழுதியது:

கோளரங்கத்தை ஏதோ படம் காட்டும் கூடமாக நினைத்துப் பேசுகிறீர்கள். நான் பெங்களூரில் வளர்ந்த தமிழ்ப்பெண். பி.எஸ்சி. படித்த காலத்தில் அந்தக் கட்டடத்தில் இளநிலை மாணவர்களுக்காக நடந்த இயற்பியல் வகுப்புகளில் சேர்ந்திருந்தேன். வாரக் கடைசியில் நடக்கும். பாடம் எடுத்தவர்கள் ஆய்வு நிறுவனங்களில் உண்மையிலேயே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர்கள்.

எங்கள் கல்லூரியில் மேக்ஸ்வெல் சமன்பாடுகளைப் பத்து மதிப்பெண் வினாவுக்கு விடையாக மனப்பாடம் செய்திருந்தோம். இங்கே ஓர் ஆசிரியர் கரும்பலகையில் அவற்றை எழுதிவிட்டு, இதில் ஓர் உறுப்பை அழித்துவிடுகிறேன், உலகம் என்ன ஆகும் என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அவர் அவசரப்படவும் இல்லை. முதல் வரிசையில் இருந்த ஒரு பெண் மெதுவாக, ஒளி இருக்காது என்றாள். அதன்பின் அந்த மாலை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தை நிறுவுவதிலேயே போனது. இயற்பியல் என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

விஷ்வேஷ்வராவின் பொது உரைகளும் அப்படித்தான். தானே வரைந்த கேலிச்சித்திரங்களைத் திரையில் காட்டிக்கொண்டே வளைந்த வெளியைப் பற்றிப் பேசுவார். அவையில் பள்ளிப் பிள்ளைகளும் இருப்பார்கள், பேராசிரியர்களும் இருப்பார்கள். இரு தரப்பாரும் ஒரே இடத்தில் சிரிப்பார்கள்.

ஒரு நிர்வாகி கோளரங்கத்தை நடத்தியிருக்கலாம், உண்மை. இந்த வகுப்புகள் அங்கே வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்குமா? இப்போது நான் ஓசூரில் ஆசிரியை. என் மாணவர்களிடமும் அந்த உறுப்பை அழித்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குகிறேன்.

---

அணையாவிளக்கு எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதை நகலெடுத்து எங்கள் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டிக்கொள்ள அனுமதி வேண்டும்.

---

இரவுவானம் எழுதியது:

தாராளமாக, ஐயா.

---

வைகைக்கரை எழுதியது:

மனம் நெகிழ்ந்தது. ஆனாலும் என் நிலையில் ஒரு பகுதியை விடமாட்டேன். இப்படிப்பட்ட வகுப்புகளை ஓர் ஆய்வாளர் தொடங்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். அதற்கு விலையாக அவருடைய ஆய்வு நேரம் போகத்தான் வேண்டும் என்பதை ஏற்கவில்லை. கட்டட ஒப்பந்தம், ஊழியர் பிரச்சினை, மானியக் கடிதம் எல்லாவற்றையும் தாங்க வேறு ஆட்களை அரசு கொடுத்திருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும். நம் நாட்டில் நல்ல ஆய்வாளருக்குக் கொடுக்கும் பரிசே நிர்வாகப் பொறுப்புதான். இது இன்றும் மாறவில்லை. இளம் ஆய்வாளர்களுக்கு இதை மறைக்கக் கூடாது.

---

மானாவாரி எழுதியது:

வணக்கம். சாத்தூர்ப் பக்கம் சிறு கடை வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதுவதில் பாதி எனக்கு விளங்கவில்லை, ஆனால் ஒன்றுவிடாமல் படித்தேன். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கருந்துளை ஆய்வுக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். உறவுக்காரர்கள் எல்லோரும் பொறியியலில் சேர்த்துவிடு என்கிறார்கள். இந்தப் படிப்பில் சோறு உண்டா? வெளிநாடு போய்த்தான் ஆக வேண்டுமா? பெரியவர்கள் சொல்லுங்கள்.

---

ஆய்வகத்தெரு எழுதியது:

ஐயா, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

வழி நீளமானது. ஐசர் என்னும் மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களில் நுழைவுத் தேர்வு எழுதி ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம். சென்னைக் கணிதவியல் நிறுவனத்தில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த இளநிலைப் பட்டம் இருக்கிறது. இரண்டும் கிடைக்காவிட்டாலும் கதவு மூடிவிடாது. நல்ல ஆசிரியர்கள் இருக்கும் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு ஜாம் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. சேர்ந்தவர்கள் பலர் இந்தத் துறையில் இருக்கிறார்கள். பிறகு ஜெஸ்ட் அல்லது நெட் தேர்வு எழுதி முனைவர் பட்ட ஆய்வு. அதற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. அவளுக்கு உதவித்தொகை வரும். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை ஊர் மாற்றும் தற்காலிக ஆய்வுப் பணிகள். பெரும்பாலும் வெளிநாட்டில்தான் அமையும். நிலையான வேலை கிடைப்பதற்குள் வயது முப்பதைத் தாண்டி நன்றாக ஏறிவிடும். கிடைக்காதவர்களும் உண்டு.

ஆனால் அப்படிக் கிடைக்காதவர்கள் யாரும் தெருவில் நிற்கவில்லை. இரைச்சலுக்குள் புதைந்த சிறு சைகையைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவருக்கு வங்கியிலிருந்து மருத்துவக் கருவி நிறுவனம்வரை வேலை தர ஆள் இருக்கிறது. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் அப்படிப் போனவர்கள்தான், நன்றாகவே இருக்கிறார்கள்.

இன்னொன்று. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ–இந்தியா வரப்போகிறது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்தது. நான்கு கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு கைகள், அவற்றுக்குள் காற்றே இல்லாத குழாய், நடுங்காமல் தொங்க வேண்டிய கண்ணாடிகள். இதற்குக் கணக்குப் போடுகிறவர்கள் மட்டும் போதாது; லேசர், வெற்றிடம், கட்டுப்பாட்டுக் கருவிகள் தெரிந்தவர்களும் வேண்டும். உறவுக்காரர்கள் சொல்லும் பொறியியலும் இங்கே வீணாகாது. ஆனால் அவள் இயற்பியல்தான் வேண்டும் என்றால் தடுக்காதீர்கள்.

---

இரவுவானம் எழுதியது:

அண்ணா, ஒரு சொல். விஷ்வேஷ்வராவின் மனைவி சரஸ்வதி விஷ்வேஷ்வரா, இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்த உயிர் இயற்பியலாளர். மகள் ஸ்மிதா அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியர். பெண் பிள்ளைக்கு இது சரிப்படுமா என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

---

மானாவாரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதில்களை மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறாள், அப்படியே போடுகிறேன்: "எதைக் கொண்டு தட்டினாலும் ஒரே அதிர்வு என்றால், கருந்துளைக்குள் என்ன விழுந்தது என்பதை அந்த அதிர்விலிருந்து கண்டுபிடிக்கவே முடியாதா?"

---

ஆய்வகத்தெரு எழுதியது:

உங்கள் மகளிடம் சொல்லுங்கள், இது முனைவர் பட்ட மாணவர்கள் கேட்கும் கேள்வி.

ஐன்ஸ்டீனின் கோட்பாடு சரியென்றால், அதிர்வெண்ணை மட்டும் வைத்து முடியாது. விண்மீன் விழுந்திருந்தாலும் இன்னொரு கருந்துளை விழுந்திருந்தாலும், அடங்கும் அதிர்வின் அதிர்வெண்ணையும் தேயும் வேகத்தையும் தீர்மானிப்பவை இறுதிக் கருந்துளையின் நிறையும் சுழற்சியும் மட்டுமே. அது உண்மைதானா என்று சோதிக்க ஓர் அதிர்வெண் போதாது. ஒன்றிலிருந்து நிறையையும் சுழற்சியையும் கணக்கிட்டுவிட்டு, அதே நிறைக்கும் சுழற்சிக்கும் இரண்டாவது அதிர்வு எங்கே வர வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லி, அங்கேயே வருகிறதா என்று பார்க்க வேண்டும். 2015இன் அலையில் அதற்குப் போதிய தெளிவு இல்லை. இரண்டாவது அதிர்வு தெரிகிறதா இல்லையா என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது.

2025 ஜனவரி 14, பொங்கலன்று, நம் நேரப்படி பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன், இன்னோர் அலை வந்தது. ஏறத்தாழ முதல் அலையின் அதே அளவுக் கருந்துளைகள். ஆனால் இடைப்பட்ட பத்தாண்டில் கருவிகள் மேம்பட்டிருந்ததால் மூன்று மடங்குக்கும் மேல் தெளிவு. அதில் இரண்டு அதிர்வுகள் தனித்தனியாகத் தெரிந்தன, கோட்பாடு சொன்ன இடத்திலேயே. இணைவதற்கு முன் இரண்டு கருந்துளைகளின் பரப்பும் சேர்த்து ஏறத்தாழ 2,40,000 சதுர கிலோமீட்டர், இணைந்தபின் 4,00,000. அதாவது மூன்று தமிழ்நாடு. கருந்துளையின் பரப்பு குறையாது என்று ஹாக்கிங் 1971இல் சொன்னதும் அதே அலையில் சோதிக்கப்பட்டது.

2015இன் அலைத் தரவை லைகோ பொதுவில் வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பைத்தான் மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும். தேர்வு முடிந்ததும் அவளே வரைந்து பார்க்கட்டும். எங்காவது சிக்கினால் இங்கேயே எழுதச் சொல்லுங்கள், நான் பதில் தருகிறேன்.